பாட்டுச் சேகரத்துக்கு ஒரு பட்டியல் நிரல்

இசைத்தட்டும் கேசட்டும் சி.டி.யும், பிற்காலத்தில் ஹார்டு டிஸ்க்கில் வந்து குவிந்த எம்பி3 ஃபைல்களுமாக, இரண்டு மூன்று தலைமுறைகளின் ரசனை ஒரே அலமாரியில் தங்கியிருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அத்தகைய வீட்டில், "அந்தப் பாட்டு நம்மிடம் இருக்கிறதா, இருந்தால் எதில் இருக்கிறது?" என்ற சாதாரணக் கேள்விக்கு விடை காண்பதற்கே அரை நாள் ஆகிவிடுகிறது என்பது, பட்டியல் ஒன்று அவசியம் என்பதற்குப் போதுமான காரணமாகும். ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்களில் பெரும்பாலானவை மேல்நாட்டு ஆல்பங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. பாடியவர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று கட்டங்களுக்குள் திரைப்படப் பாடலையும் கச்சேரிப் பதிவையும் திணிக்க முயன்றால், இசையமைப்பாளருக்கு இடம் இல்லாமற்போகும். ராகமும் பாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டு தனியே தேட முடியாததாகிவிடும். ஆகையால், பைத்தான் மொழியில் சிறிதளவு பழக்கம் உள்ள ஒருவர் தமது சேகரத்துக்குரிய நிரலைத் தாமே எழுதிக்கொள்ளும் வழி இந்த அத்தியாயத்தில் கிரமமாகச் சொல்லப்படுகிறது.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டிய மூன்று

நிரலில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னால் மனத்தில் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: பாட்டு, பதிவு, பொருள். தியாகராஜர் இயற்றிய ஒரு கிருதி, பாட்டு. அதை ஒரு வித்துவான் ஒரு நாளில் ஒரு சபையில் பாடி ஒலிப்பதிவானது, பதிவு. அந்தப் பதிவைத் தாங்கி உங்கள் அலமாரியில் இருக்கும் கேசட்டோ தட்டோ ஃபைலோ, பொருள். ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிவுகள் இருக்கலாம். ஒரே பதிவு தட்டிலும் கேசட்டிலும் எம்பி3யிலும் மூன்று முறை வந்திருக்கலாம். ஒரே கேசட்டில் பன்னிரண்டு பதிவுகள் அடங்கியிருக்கலாம். இம்மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைப்பவர், தட்டு ஒன்று உடைந்து அதன் வரியை நீக்கும்போது, அந்தப் பாட்டைப் பற்றிச் சிரமப்பட்டுச் சேர்த்த விவரங்கள் அனைத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

எழுபத்தெட்டு சுற்றுத் தட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிஷங்களே அடங்கும். ஆகையால் சற்று நீண்ட கிருதி ஒன்று முன்பக்கத்தில் ஆரம்பித்துப் பின்பக்கத்தில் முடிவது வழக்கமாக இருந்தது. பாட்டு ஒன்று, பதிவும் ஒன்று, பக்கம் இரண்டு. 1948இல் நீண்ட நேரத் தட்டு வந்த பிறகும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்ட பிறகும் எழுந்த சிக்கல் இதற்கு நேர்மாறானது. அவற்றில் ஒரு பக்கத்திலேயே பல பதிவுகள் அடங்கின. இரண்டு நிலைமைகளுக்கும் இடம் தரும் அமைப்பே நமக்குத் தேவை.

கருவிகள்

பைத்தானும் எஸ்க்யூலைட்டும் போதும். எஸ்க்யூலைட் என்பது ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட டேட்டாபேஸ். யாருடைய உரிமைக்கும் உட்படாமல் பொதுச் சொத்தாக விடப்பட்டது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடும். பைத்தானை நிறுவும்போதே அதைக் கையாளும் மாட்யூலும் உடன் வந்துவிடும். ஒலி ஃபைல்களில் உள்ள டேகுகளைப் படிப்பதற்கு மியூட்டாஜென் என்ற இலவச லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களும் பொத்தான்களும் இப்பொழுது வேண்டாம். டேட்டாபேஸ் சரியாக அமைந்துவிட்டால் முகப்பைப் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முகப்பை முதலில் அலங்கரித்தவர்கள் பெரும்பாலும் அலங்காரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அட்டவணைகளை அமைக்கும் வரிசை

1. முதலில் "நபர்கள்" அட்டவணை. ஒருவருக்கு ஒரே வரி. இரட்டையராகவோ குழுவாகவோ இயங்கியவர்களுக்கும் தனி வரி உண்டு. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்து 1965இல் பிரிந்து, பின்னர் தனித்தனியே இசையமைத்தார்கள். ஆகவே, "விஸ்வநாதன் – ராமமூர்த்தி" ஒரு வரி, விஸ்வநாதன் ஒரு வரி, ராமமூர்த்தி ஒரு வரி. இரட்டையர் வரியிலிருந்து மற்ற இருவருக்கும் ஓர் இணைப்பு.

2. அடுத்து "படங்கள்". பெயரோடு ஆண்டையும் சேர்த்தே ஒரு படத்தை அடையாளம் காண வேண்டும். "ஆயிரத்தில் ஒருவன்" என்ற பெயரில் 1965இல் ஒரு படமும் 2010இல் வேறொரு படமும் வந்திருக்கின்றன. பெயரை மட்டும் நம்பும் நிரல் இரண்டின் பாட்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

3. பிறகு "பாட்டுகள்": தொடக்கச் சொற்கள், மொழி, ராகம், தாளம். ராகத்துக்கும் தனி அட்டவணை வைத்து அதிலிருந்து இணைப்பது உத்தமம்.

4. அதன்பின் "பதிவுகள்": எந்தப் பாட்டு, எந்தப் படம் அல்லது எந்தக் கச்சேரி, தேதி, கால அளவு. கால அளவை விநாடிகளில் ஓர் எண்ணாக வையுங்கள். தேதியை எழுத்து வடிவில் வையுங்கள். "1968" என்று ஆண்டு மட்டும் தெரிந்த இடத்தில், நிரல் தானாக ஜனவரி முதல் தேதியைச் சேர்த்துப் பொய் சொல்ல இடம் கொடுக்கலாகாது.

5. "பங்குகள்": எந்த நபர், எந்தப் பாட்டில் அல்லது பதிவில், என்ன பங்கு. இயற்றியவர் பாட்டைச் சேர்ந்தவர். பாடியவர், வயலின், மிருதங்கம் ஆகியோர் பதிவைச் சேர்ந்தவர்கள். இவ்விரண்டையும் இரண்டு அட்டவணைகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

6. "பொருள்கள்": தட்டு, கேசட், சி.டி., ஃபைல் என்ற வகை; இருக்கும் இடம்; நிலைமை; எப்பொழுது, யாரிடமிருந்து வந்தது.

7. கடைசியாக "இடங்கள்": எந்தப் பொருளில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவதாக, எந்தப் பதிவு. மேலே சொன்ன இரண்டு பக்கக் கிருதி இந்த அட்டவணையில் இரண்டு வரிகளாக அமையும். வேறு எந்த அட்டவணையையும் தொட வேண்டியதில்லை.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். 1945இல் வெளியான "மீரா" படத்தின் பாட்டு ஒன்று உங்களிடம் பழைய தட்டிலும், பின்னர் வாங்கிய சி.டி.யிலும் இருக்கிறது என்று கொள்வோம். பாட்டுக்கு ஒரு வரி. அதை இயற்றியவருக்குப் பாட்டுப் பங்கில் ஒரு வரி. பதிவுக்கு ஒரு வரி. பதிவுப் பங்கில் பாடியவர் எம். எஸ். சுப்புலட்சுமி, இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன் என்று இரண்டு வரிகள்; பொருள்களில் தட்டும் சி.டி.யுமாக இரண்டு வரிகள். அவை இரண்டையும் ஒரே பதிவோடு பிணைக்கும் இடங்கள் இரண்டு. நாளைக்குத் தட்டைக் கை தவறவிட்டாலும் நீங்குவது பொருளில் ஒரு வரியும் இடத்தில் ஒரு வரியும் மாத்திரமே.

திரைப்படப் பாட்டுகளுக்குப் பங்கு வகைகளை நிர்ணயிக்கும்போது, திரையில் அந்தப் பாட்டுக்கு வாயசைத்த நடிகரையும் ஒரு வகையாகச் சேர்த்துவிடுங்கள். இது சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லாத விவரம் என்று சிலர் ஒதுக்கலாம். ஆயினும் வீட்டில் பெரியவர்கள் கேட்பது "எம்.ஜி.ஆர். பாட்டு", "சிவாஜி பாட்டு" என்றுதான், பாடியவர் டி. எம். சௌந்தரராஜன் என்று மட்டும் அறிந்த பட்டியல் அவர்களுக்குப் பயன்படாது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்து, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், தேடி வருபவருடைய நேரத்தைக் காப்பதை அவற்றில் ஒன்றாகவே வைத்தார். தேடுகிறவர் எந்த வழியாக வருகிறாரோ அந்த வழியில் ஒரு கதவு வைக்க வேண்டும்.

*எச்சரிக்கை:* அட்டவணைகளுக்கிடையே உள்ள இணைப்புகளை எஸ்க்யூலைட் தானாகக் காப்பதில்லை. டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் "ஃபாரின் கீஸ்" என்ற பிராக்மாவை, அதாவது எஸ்க்யூலைட்டின் அமைப்புக் கட்டளையை, இயக்கி வைக்க வேண்டும். திறக்கும் வேலையை ஒரே செயல்கூறில் எழுதி, அதற்குள் இந்தக் கட்டளையை வைத்துவிட்டு, நிரலின் மற்ற எல்லாப் பகுதிகளும் அதன் வழியாகவே டேட்டாபேஸுக்குள் பிரவேசிக்கும்படி செய்யுங்கள். இல்லையேல், நபர் ஒருவரை நீக்கிய பின்னும் அவருடைய பங்குகள் உரியவர் இல்லாமல் தங்கிவிடும்.

*எச்சரிக்கை:* தேடு சொல்லையும் பாட்டின் பெயரையும் எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டித் தைக்காதீர்கள். கேள்விக்குறியை வைத்து மதிப்பைத் தனியே கொடுக்கும் முறையைக் கையாளுங்கள். பெயருக்குள் ஒரு மேற்கோள் குறி வந்தாலே ஒட்டிய வாக்கியம் முறிந்துவிடும். அந்நியர் கையில் அகப்பட்டால் அட்டவணையே அழிந்துபோகலாம்.

பெயர்கள்

பட்டியல் வேலையில் அதிக நேரத்தை விழுங்குவதும், அதிகப் பயனைத் தருவதும் இந்தப் பகுதிதான். ஒரே கலைஞர் ஓர் உறையில் "ஜி. என். பாலசுப்பிரமணியம்" என்றும், இன்னொன்றில் "ஜி.என்.பாலசுப்ரமண்யம்" என்றும், வீட்டார் கையால் எழுதிய கேசட் அட்டையில் "ஜி.என்.பி." என்றும் காணப்படுவார். இவற்றில் எது சரி என்று வாதிப்பதில் பிரயோஜனம் இல்லை. நபர்கள் அட்டவணையில் நீங்கள் தேர்ந்த ஒரு வடிவத்தை வைத்து, மற்ற வடிவங்களையெல்லாம் "மாற்றுப் பெயர்கள்" என்ற தனி அட்டவணையில் அவருடைய எண்ணோடு சேர்த்துவிடுங்கள். தேடல் இரண்டு அட்டவணைகளிலும் நடக்கட்டும்.

1. தலைப்பெழுத்துகளைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். அகர வரிசை இயற்பெயரைக் கொண்டு அமைய வேண்டும். இல்லாவிடில் "எம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் பாதி சங்கீத உலகமும் கூடிவிடும்.

2. புதிய பெயர் ஒன்றைச் சேர்க்கும்போது, நெருக்கமான பெயர்களை நிரல் முதலில் காட்டி, "இவர்தானா?" என்று கேட்க வேண்டும். தானாகவே ஒன்றாக்கிவிடக் கூடாது. பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பது சங்கீதத்தில் அபூர்வம் அல்ல.

3. இரண்டு வரிகள் ஒரே ஆளைக் குறிப்பவை என்று பின்னர் தெரிந்தால், பங்குகளை ஒன்றுக்கு மாற்றிவிட்டு, மற்றதன் பெயரை மாற்றுப் பெயராக்குங்கள். இந்த மாற்றம் முழுவதையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் செய்தால்தான், நடுவில் மின்சாரம் நின்றாலும் பாதி வேலை தங்காது.

4. உறையில் அச்சிட்டிருக்கும் வடிவத்தை அப்படியே "உறையில் உள்ளபடி" என்ற கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சந்தேகம் தீர்ப்பதற்கு அதுவே சாட்சி.

ராகப் பெயர்களுக்கும் இதே முறை பொருந்தும்: மோகனம், மோஹனம் இரண்டும் ஒரே எண்ணை அடைய வேண்டும்.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதித்துவிட்டு நிரல் சரியாக இயங்குகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தமிழ் எழுத்துகளால் எழும் சிக்கல்கள் நான்கு. நான்குமே வெளிப்பார்வைக்குப் புலப்படாதவை.

முதலாவது, திரையில் ஒரே மாதிரி தோன்றும் எழுத்து உள்ளே இரண்டு விதமாக இருக்கக்கூடும். "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆகையால் டேட்டாபேஸுக்குள் நுழையும் ஒவ்வொரு சொல்லையும், தேடுவதற்காகத் தட்டப்படும் ஒவ்வொரு சொல்லையும், பைத்தானின் "யூனிகோடுடேட்டா" மாட்யூலில் உள்ள "நார்மலைஸ்" செயல்கூறின் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பின்பே உபயோகியுங்கள். ஒன்றை மட்டும் அந்தச் செயல்கூறும் திருத்தாது: "கௌரி" என்பதை எழுத, ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டியிருந்தால், அது வேறு சொல்லாகவே நிற்கும். "கெளரி" என்று உள்ளிட்டால் "கௌரியா?" என்று கேட்கும் ஒரு சோதனையை நீங்களே எழுதிவிட வேண்டும். "ஸ்ரீ" என்ற எழுத்தும் ஸகரத்தால் ஒரு விதமாகவும், யூனிகோடில் பின்னர் சேர்க்கப்பட்ட ஶகரத்தால் இன்னொரு விதமாகவும் வருகிறது. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அதற்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, அகர வரிசை. யூனிகோடில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையே இருக்கிறது. நமது நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். வகரமோ ழகர ளகரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. புள்ளியின் எண்ணும் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. ஆகவே "க்" என்பது "கௌ"வுக்கும் பின்னால் போய் நிற்கும். இதற்குப் பரிகாரம் "வரிசைச் சாவி" என்ற தனிக் கட்டம். அதைக் கணக்கிடும் முறை:

1. சொல்லை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

2. உயிர் பன்னிரண்டுக்கும் 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, மெய் பதினெட்டுக்கும் நெடுங்கணக்கு முறையில் 14 முதல் 31, கிரந்த எழுத்துகளுக்கு 32 முதல் எண் கொடுங்கள்.

3. ஒவ்வொரு மெய்யின் எண்ணுக்கும் பின்னால் அதன் உயிரின் எண்ணைச் சேருங்கள்: புள்ளியானால் 00, அகரமானால் 01, ஆகாரமானால் 02, இப்படியே ஔகாரத்துக்கு 12. தனியே நிற்கும் உயிருக்கும் ஆய்தத்துக்கும் பின்னால் 00.

"மீரா" என்ற பெயரில் மகரம் 23, ஈகாரம் 04, ரகரம் 25, ஆகாரம் 02, சாவி 23042502. இந்தக் கட்டத்தை எழுத்து வடிவில் வைத்து அதைக் கொண்டு வரிசைப்படுத்தினால், அகராதியில் உள்ள கிரமம் பிசகாமல் கிடைக்கும். எஸ்க்யூலைட்டுக்குள்ளேயே சொந்தமாக ஒரு வரிசை விதியைப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. ஆனால் அந்த விதி உங்கள் நிரலுக்கு மட்டுமே தெரியும் என்பதால், அதே டேட்டாபேஸை வேறு கருவியில் திறந்து வரிசைப்படுத்த முயலும்போது தடை ஏற்படும். தனிக் கட்டமே மேல்.

மூன்றாவது, முழுச் சொல் தேடல். எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் வசதி, இயல்பான அமைப்பில், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதாமல், சொல்லை அங்கங்கே வெட்டும் இடைவெளிகளாகக் கருதுகிறது. இதன் விளைவு, "காலம்" என்று தேடினால் "கோலம்" வந்து நிற்கும். சொற்களைப் பிரிக்கும் டோக்கனைசரை அமைக்கும்போது "கேட்டகரீஸ்" என்ற விருப்பத்தில், எழுத்து வகைக்கும் எண் வகைக்கும் கூடவே துணைக்குறிகளின் வகையாகிய "எம்" வகையையும் சேர்த்துவிட்டால் இந்தக் குறை தீரும். சேர்த்த பிறகு இதே இரண்டு சொற்களைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, ஒருவர் "லட்சுமி" என்றும் இன்னொருவர் "லக்ஷ்மி" என்றும் தட்டுவது. இதற்குத் "தேடல் சாவி" என்று இன்னொரு கட்டம் வைத்து, அதில் மாத்திரம் க்ஷகரத்தை ட்சவாகவும், ஹகரத்தைக் ககரமாகவும், ஸகர ஷகர ஜகரங்களைச் சகரமாகவும் மாற்றி, இடைவெளிகளையும் நிறுத்தற்குறிகளையும் நீக்கி வையுங்கள். க்ஷகரத்தை முதலில் மாற்றிய பிறகே ஷகரத்தை மாற்ற வேண்டும். இவ்வளவு செய்தும் "லட்சுமி"யில் ஓர் உகரம் மிஞ்சும். அத்தகைய மிச்சங்களுக்காகவே மாற்றுப் பெயர்கள் அட்டவணை இருக்கிறது. திரையில் காட்டும் பெயரை இந்த மாற்றங்கள் ஒருபொழுதும் தொடலாகாது.

ஃபைல்களைப் படித்தல்

இங்கே ஒரே ஒரு விதியை விரதம்போல் கொள்ளுங்கள்: முதல் பதிப்பில், ஒலி ஃபைல் எதையும் அழிக்கிற, பெயர் மாற்றுகிற, அதற்குள் எழுதுகிற வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. படிப்பது மட்டுமே நிரலின் வேலை. இரட்டைப் பிரதிகளைத் தானாக அழிக்கும் வசதி கவர்ச்சியானது. ஆனால் அதில் ஒரு பிழை நேர்ந்தால், வேறெங்கும் கிடைக்காத கச்சேரி ஒன்று ஒரு விநாடியில் போய்விடும்.

1. ஃபோல்டர் முழுவதையும் நடந்து, ஒலி ஃபைல்களை மட்டும் பொறுக்குங்கள். பாதையை டிஸ்க்கின் தலையிலிருந்து குறிக்க வேண்டும். டிஸ்க்குக்கு நீங்கள் இட்ட பெயரைத் தனியே வையுங்கள். விண்டோஸ் ஒரே டிஸ்க்குக்கு இன்று ஓர் எழுத்தும் நாளை ஓர் எழுத்தும் கொடுக்கும் ஆதலால், அந்த எழுத்தை நம்பி எழுதிய பட்டியல் முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும்.

2. ஒவ்வொரு ஃபைலின் அளவு, திருத்திய நேரம், எஸ்ஹெச்ஏ-256 கைரேகை ஆகியவற்றைச் சேருங்கள். அடுத்த முறை அளவும் நேரமும் மாறாத ஃபைல்களைத் தாண்டிச் சென்றுவிடலாம். பாதை மாறிக் கைரேகை மாறாதிருந்தால், ஃபைல் இடம் பெயர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

3. மியூட்டாஜென் மூலம் டேகுகளைப் படித்து, அவற்றை "வரவு" என்ற தனி அட்டவணையில் அப்படியே கொட்டுங்கள். பாட்டுகள், பதிவுகள் அட்டவணைகளுக்கு அவை நேரே செல்லக் கூடாது. நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டவை மட்டுமே வரவிலிருந்து உள்ளே போக வேண்டும்.

4. காணாமற்போன ஃபைலின் வரியை நீக்காமல், "காணவில்லை" என்று தேதியோடு குறியுங்கள். டிஸ்க்கை இணைக்க மறந்திருக்கலாம்.

*குறிப்பு:* பழைய எம்பி3களில் உள்ள டேகுகள் பல சமயங்களில் பாதி வார்த்தையில் நின்றுவிடும். ஐடி3 டேகின் முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட்டுகளே இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்வதால், பத்துக் குறிகளுக்கு மேல் அதில் ஏறாது.

*குறிப்பு:* டேக் முழுவதும் தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றினால், யூடிஎஃப்-8இல் உள்ள தமிழை லத்தீன்-1 என்று தவறாகப் படித்ததே காரணமாக இருக்கலாம். அதை லத்தீன்-1 பைட்டுகளாகத் திரும்ப மாற்றி, யூடிஎஃப்-8 ஆகப் படித்துப் பாருங்கள். அப்பொழுதும் தெளியாவிட்டால், டிஸ்கி, பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்திய முறைகளில் எழுதப்பட்டதா என்று சோதிக்க வேண்டும்.

ஒரே பதிவு இரண்டு தரங்களில் இருந்தால் கைரேகைகள் வேறுபடும்; டேகில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் வேறுபடும். ஒலியையே கேட்டு ஒப்பிடும் குரோமாபிரிண்ட் என்ற கருவி அந்த இடத்தில் உதவும். ஆனால் அது சொல்வதை யோசனையாக மட்டும் ஏற்றுக்கொண்டு, முடிவை உங்கள் செவியிடம் விடுங்கள்.

தட்டும் கேசட்டும்

1. பொருள் ஒவ்வொன்றுக்கும் அர்த்தமில்லாத ஒரு தொடர் எண் கொடுங்கள். "அலமாரி 2, தட்டு 3" என்பதை எண்ணுக்குள் புகுத்தினால், அலமாரி மாறும் நாளில் எண்ணும் மாற வேண்டிவரும்.

2. எண்ணை உறையில் மிருதுவான பென்சிலால் எழுதுங்கள். தட்டின் மேலோ அதன் லேபிளின் மேலோ எதையும் ஒட்டாதீர்கள்.

3. லேபிளில் உள்ள வெளியீட்டு எண்ணையும், லேபிளைச் சுற்றிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் தனித்தனியே குறியுங்கள். ஒரே பதிவு வேறு லேபிளில் திரும்ப வந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பின்னது உதவும்.

4. லேபிளையும் உறையின் இரு பக்கங்களையும் படம் எடுத்துப் பொருளின் எண்ணையே படத்தின் பெயராக வையுங்கள்.

*எச்சரிக்கை:* எழுபத்தெட்டு சுற்றுத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது. அவற்றின் முக்கியப் பொருளான அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

*எச்சரிக்கை:* வீட்டில் பதிவு செய்த கேசட்டைப் பட்டியலுக்காக ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், அதன் முதுகில் உள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பாட்டியின் குரல் அழியாது.

இரவல் கொடுப்பதற்கும் ஒரு சிறு அட்டவணை வையுங்கள்: பொருள் எண், வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. தேடலின் விடையிலேயே "இரவலில் இருக்கிறது" என்று தெரியும்படி செய்துவிட்டால், அலமாரியை வீணாகக் கலைக்க வேண்டியிராது.

வெளியிலிருந்து விவரம் பெறுதல்

மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொது டேட்டாபேஸிலிருந்து விவரங்களை நிரலின் மூலமே கேட்டுப் பெறலாம்; அதன் அடிப்படை விவரங்கள் யாரும் உபயோகிக்கும்படி திறந்துவிடப்பட்டவை. விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பாதீர்கள். உங்கள் நிரலின் பெயரையும் தொடர்பு முகவரியையும் கேள்வியோடு தெரிவியுங்கள். இது அவர்கள் விதித்த நிபந்தனை. வந்த விடைகளும் "வரவு" அட்டவணைக்கே போகட்டும்.

பேக்கப்

1. நிரல் திறந்திருக்கும்போது டேட்டாபேஸ் ஃபைலைச் சாதாரணமாகக் காப்பி செய்யாதீர்கள். "வால்" முறையில் இயங்கும் டேட்டாபேஸின் புதிய மாற்றங்கள் பக்கத்தில் உள்ள துணை ஃபைலில் இருக்கக்கூடும். முதல் ஃபைலை மட்டும் எடுத்தால் அவை விடுபடும். பைத்தானின் எஸ்க்யூலைட் இணைப்பில் உள்ள "பேக்கப்" என்ற வசதியைக் கையாளுங்கள்.

2. எடுத்த பிரதியைத் திறந்து "இன்டெக்ரிட்டி செக்" என்ற பிராக்மாவை ஓட்டி, விடை சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று எண்ணக் கூடாது.

3. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒலி ஃபைல்களுக்கும் இதுவே விதி.

4. இயங்கும் டேட்டாபேஸைக் கிளவுட் ஒத்திசைவு ஃபோல்டரிலோ வலையில் பகிர்ந்த டிஸ்க்கிலோ வைக்காதீர்கள். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுத நேர்ந்தால் ஃபைல் பழுதாகும் அபாயம் உண்டு. பிரதியை மட்டும் அங்கே வையுங்கள்.

பிறர் கைக்குக் கொடுக்கும்போது

கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் பத்திரிகைகளும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால், 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலம் பொதுமக்களுக்குப் பயன்படுகின்றன. எல்லாச் சேகரமும் நூலகமாகப் போவதில்லை. ஆனாலும் உங்கள் நிரலை அறியாத ஒருவர் உங்கள் பட்டியலை என்றேனும் படிக்க வேண்டிவரும் என்ற எண்ணத்தோடு அதை வெளியே எடுக்கும் வழியையும் எழுதிவிட வேண்டும்.

1. அட்டவணை ஒவ்வொன்றையும் சிஎஸ்வி ஃபைலாக எழுதும் கட்டளை ஒன்றைச் சேருங்கள். எழுதும்போது யூடிஎஃப்-8 முறையில் பிஓஎம் குறியோடு எழுதினால்தான் எக்ஸலில் தமிழ் சிதையாமல் திறக்கும்.

2. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கும் ஒரு பக்கத்தை அதே ஃபோல்டரில் வையுங்கள். "நிலைமை 3" என்றால் கீறல் விழுந்தது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

3. பட்டியலை யாருக்கும் கொடுக்கலாம். ஒலியை அப்படிக் கொடுக்கலாகாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் ஆரம்பத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பாட்டை இயற்றியவரின் உரிமைக்கோ கணக்கு வேறு. எனவே, ஃபைல்களின் பாதைகள் அடங்கிய கட்டத்தை நீக்கிவிட்டுப் பட்டியலை மட்டும் தரும் ஒரு விருப்பமும் அந்தக் கட்டளையில் இருக்கட்டும்.

4. பொருள் எண், இருக்கும் இடம், பாட்டு, பாடியவர் ஆகிய நான்கு கட்டங்களை மட்டும் அகர வரிசையில் அச்சிட்டு, எடுத்த தேதியை மேலே எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஓர் உறையில் வையுங்கள். கணினியைத் தொடாத பெரியவர்களும் பாட்டைத் தேடி எடுப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும்.